இரு விகிதசமங்களின் வேறுபாட்டைச் சோதித்தல்: திருப்பெரும்புதூர்த் தொழிலாளர் விடுதிகளை முன்வைத்து

முன்னுரை

திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டார ஆலைகளில் பணியாற்றும் பெண்களுள் பலர் வெளிமாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். 2021 டிசம்பரில், திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சானதால் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் பணிபுரிந்தோர் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். இத்தகைய நிகழ்வில் நோய்க்குக் காரணமான உணவைக் கண்டறிய, இரு விகிதசமங்களை ஒப்பிடும் மிகைகாண் சோதனை எவ்வாறு பயன்படும், எங்குப் பிழைபடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணிக்கையும் விகிதசமமும்

159 என்பது எண்ணிக்கை, விகிதசமம் அன்று. எத்தனை பேருள் 159 பேர் என அறிந்தால்தான் அது விகிதசமமாகும். அதுவும் ஒப்பீட்டிற்குப் போதாது. ஐயத்திற்குரிய உணவை உண்டவருள் நோயுற்றோர் விகிதசமம் ஒன்று. இரவுப் பணி முதலிய காரணங்களால் அவ்வேளை உண்ணாதவருள் நோயுற்றோர் விகிதசமம் மற்றொன்று. எனவே, நோயுறாதவரையும் உண்ணாதவரையும் விட்டுவிட்ட பட்டியல் சோதனைக்கு உதவாது.

சோதனை முறை

விளக்கத்திற்காகக் கற்பனை எண்களைக் கொள்வோம். உண்டவர் 200 பேருள் 60 பேரும், உண்ணாதவர் 200 பேருள் 40 பேரும் நோயுற்றனர் எனில், விகிதசமங்கள் முறையே 0.30, 0.20 ஆகும். முழுமைத் தொகுதிகளில் இவ்விரண்டும் சமம் என்பது இன்மை எடுகோள். அவ்வாறாயின் இரு கூறுகளையும் இணைத்து, 400 பேருள் 100 பேர், அதாவது 0.25 எனக் கொள்ளலாம்.

திட்டப்பிழை = √[0.25 × 0.75 × (1/200 + 1/200)] = 0.0433

வேறுபாடு 0.10ஐத் திட்டப்பிழையால் வகுக்க 2.31 கிடைக்கிறது. இருபுறச் சோதனையில் 5% மிகைகாண் மட்டத்திற்குரிய 1.96ஐ இது விஞ்சுவதால், இன்மை எடுகோள் மறுக்கப்படுகிறது.

முடிவின் எல்லைகள்

அதே விகிதசமங்கள் குழுவுக்கு 50 பேரிடம் மட்டும் பெறப்பட்டிருந்தால், சோதனை மதிப்பு 1.15 ஆகக் குறையும். இன்மை எடுகோளை மறுக்க இயலாது. இதனை ‘உணவில் குறையில்லை’ எனப் பொருள்கொள்வது தவறு. சான்று போதவில்லை என்பதே அதன் பொருள்.

மற்றொன்று, கூறிலுள்ளோர் ஒருவரையொருவர் சாராதவர் என இச்சோதனை கருதுகிறது. விடுதியிலோ ஒரே அறையில் உறங்கி, ஒரே நீரைப் பருகுவோர் ஒருங்கே நோயுறுவர். ஆகவே 200 பேர் தரும் தகவல், தனித்தனியான 200 பேர் தரும் தகவலினும் குறைவு. உண்மையான திட்டப்பிழை 0.0433ஐ விடப் பெரிதாகலாம், 2.31 என்னும் மதிப்பு சான்றை மிகைப்படுத்திக் காட்டக்கூடும். அறைவாரியாகவும் சமையற்கூடவாரியாகவும் தரவு திரட்டினால்தான் இதனைத் திருத்த இயலும்.

முடிவுரை

வாய்பாட்டைப் பிழையின்றிக் கையாள்வதால் மட்டும் சோதனை நம்பகமாகிவிடாது. யாரை எண்ணினோம், யாரை எண்ணாது விட்டோம், எண்ணப்பட்டோர் தம்முள் எவ்வாறு தொடர்புற்றிருந்தனர் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே 1.96ஐ நோக்குதல் தகும். தொழிலாளரின் உடல்நலம் குறித்த முடிவுகளுக்கு இவ்வொழுங்கு இன்றியமையாதது.