டாங்கிள் தொலையாமல் அப்டேட்: பட்டுக்கடை சர்வருக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், முந்தி வேறு நிறம் என்றால் பெட்னி போடுவார்கள். தறியை அவிழ்ப்பதில்லை. பழைய பாவு இழைகளோடு புதிய நிறத்து இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பாவின் நிறத்தையே மாற்றிவிடுவார்கள். இழை வரிசை பிசகினால் சேலை கெட்டது. ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு அடியிலிருக்கும் மென்பொருளை மாற்றுவதும் இதே கவனம் கேட்கும் வேலை. உள்ளே இருக்கும் விண்டோஸ், நேற்றுப் பார்த்த நெட்வொர்க் கார்டையும் டிஸ்க்கையும், மென்பொருள் லைசென்ஸுக்கான யூஎஸ்பி டாங்கிளையும் இன்றும் அதே இடத்தில் பார்க்க வேண்டும்.

ஜக்கார்டு அட்டைக்கான டிசைன் மென்பொருள், பில்லிங், சரக்குக் கணக்கு என எல்லாவற்றையும் ஒரே சர்வரில் விர்ச்சுவல் மெஷின்களாக ஓட்டும் கடைகளுக்கும் நெசவாளர் சங்கங்களுக்கும் இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

1. காலம் பாருங்கள். தை, ஆவணி முகூர்த்தங்களும் தீபாவளியும் நெருங்கும்போது சர்வரைத் தொடாதீர்கள். கல்யாணப் பட்டு எடுக்க வருபவர்கள் குறைந்திருக்கும் நாட்கள் தோதானவை.

2. விர்ச்சுவல் மெஷினின் அமைப்புக் கோப்பை நகலெடுங்கள். மேக் முகவரி, யூயூஐடி, எந்த பிசிஐ ஸ்லாட்டில் எந்தச் சாதனம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. யூஇஎஃப்ஐ, டிபிஎம் நிலைக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

3. மெஷின் வகையைப் பதிப்பு எண்ணோடு கட்டிவையுங்கள். 2020 டிசம்பரில், விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான க்யூஎமுவின் 5.2 பதிப்பு வந்தபோது, பிசிஐ அமைப்பை விவரிக்கும் ஓர் அடையாள எண் மாறியது. விண்டோஸ் தன் நெட்வொர்க் கார்டைப் புதிய கார்டு என்று எடுத்துக்கொண்டது. கையால் போட்டிருந்த ஐபி முகவரி போயிற்று. வகையைப் பழைய பதிப்பிலேயே நிறுத்திவைத்தால், மென்பொருள் புதிதானாலும் உள்ளே தெரியும் வன்பொருள் மாறாது. க்யூஎமுவை வைத்து இயங்கும் ப்ராக்ஸ்மாக்ஸ், விண்டோஸ் மெஷின்களுக்கு இதைத் தானாகவே செய்கிறது.

4. டாங்கிளுக்கு அடையாளம் வையுங்கள். ஒரே டாங்கிள் என்றால் தயாரிப்பாளர் எண், பொருள் எண் கொண்டு இணைப்பது நல்லது. எந்தத் துளையில் செருகினாலும் வேலை செய்யும். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் துளையைக் குறிப்பிட்டு இணைத்து, துளைமேல் சீட்டு ஒட்டுங்கள்.

5. நிறுத்தவே முடியாதென்றால் இடம் மாற்றுங்கள். இரண்டு சர்வர் இருந்தால் லைவ் மைக்ரேஷன் போதும். ஒன்றுதான் என்றால், 2025இல் க்யூஎமு 10.0 கொண்டுவந்த சிபிஆர்-டிரான்ஸ்ஃபர் முறை இருக்கிறது. பழைய க்யூஎமு, நினைவகத்தை நகலெடுக்காமல் அப்படியே புதியதிடம் ஒப்படைக்கும். இதற்கு நினைவகம் பகிரக்கூடியதாக முதலிலேயே அமைந்திருக்க வேண்டும். புதியதற்கும் அதே சாதனப் பட்டியல் தர வேண்டும்.

6. முடிந்ததும் சோதியுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஒரு பில் அச்சிடுங்கள். பழைய கரை டிசைன் ஒன்றைத் திறந்து, அட்டைக் கோப்பாக மாற்றிப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

1. உள்ளே ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும் என்று நம்பாதீர்கள். விண்டோஸ் மறுபடி எழுந்தாலும் அடியில் பழைய க்யூஎமுவே ஓடும். மெஷினை முழுதாக நிறுத்தித் திரும்பத் தொடங்கினாலோ, இடம் மாற்றினாலோதான் புதியது வரும்.

2. விர்ச்சுவல்பாக்ஸில் சேவ் ஸ்டேட் போட்டுவிட்டு அப்டேட் செய்யாதீர்கள். பழைய பதிப்பு சேமித்த நிலையைப் புதியது ஏற்காமல் போகலாம். ஷட்டவுன் செய்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பேக்கையும் அதே பதிப்புக்கு ஏற்றுங்கள்.

3. ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைக்காதீர்கள். டிஸ்க் போனால் அதுவும் போகும். நகல் வேறொரு டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும்.

4. டாங்கிள் இணைந்திருக்கும்போது மைக்ரேஷன் தட்டாதீர்கள். சர்வரில் செருகிய பொருள் அடுத்த சர்வருக்குப் போகாது.

5. புது மெஷின் உருவாக்கிப் பழைய டிஸ்க்கை மாட்டாதீர்கள். மேக் முகவரியும் யூயூஐடியும் மாறும்; விண்டோஸும் டிசைன் மென்பொருளும் லைசென்ஸ் கேட்டு நிற்கும்.

6. மெய்நிகர் வன்பொருளின் பதிப்பை அதே நாளில் உயர்த்தாதீர்கள். கோளாறு எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. விஎம்வேரில் உயர்த்தியபின் எளிதில் இறக்கவும் முடியாது.

7. எல்லா மெஷினையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். அவசரமில்லாத ஒன்றில் தொடங்கி, சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டிசைன் மெஷின் கடைசியில் வரட்டும். டாங்கிள் தந்த நிறுவனம் இன்று இல்லாமல்கூடப் போயிருக்கலாம். ஆனால் பல ஆண்டுகள் கண்விழித்து வரைந்த யாளியும் மயிலும் ருத்திராட்சமும் அந்த மென்பொருளுக்குள்தான் இருக்கின்றன. அவை திறந்தால்தான் அடுத்த சேலைக்கு அட்டை கிடைக்கும்.