களத்திலே உண்டாகும் குறுணல்

ஆலையிலிருந்து வந்த அரிசியிற் குறுணல் மிகுந்திருப்பின், ஆலைக்காரரை நோவதே கமக்காரரின் வழக்கம். இயந்திரம் செப்பமாக அமையாவிடத்து அரிசி நொருங்குமென்பது உண்மையே. ஆயினும், உமியினுள்ளே முன்னரே வெடித்துவிட்ட நெல்லை எந்த இயந்திரத்தாலும் முழு அரிசியாக்க இயலாது.

100 கிலோ நெல்லில் உமி ஏறக்குறைய 20 கிலோவும் தவிடு 10 கிலோவும் கழியும். இக்கழிவைத் தடுக்க முடியாது. எஞ்சிய 70 கிலோவில் எவ்வளவு முழுமணியாய் நிற்குமென்பதே கமக்காரரின் கையிலுள்ளது.

அறுவடைக் காலத்தில் நெல்லில் 100க்கு 20 பங்குக்கு மேலும் ஈரம் இருக்கும். கடும் வெயிலில் மணியின் மேற்பாகம் விரைவில் உலர்ந்து சுருங்க, உள்ளீரம் வெளிவரத் தாமதிக்கும். அவ்விழுபறியினால் மணி குறுக்கே வெடிக்கின்றது. ஆகவே நெல்லை 3 அல்லது 4 சென்ரிமீற்றர் கனத்திற்குப் பரப்பி, அரைமணிக்கொருமுறை கிளறுதல் வேண்டும். காய்ந்த நெல் பனியிலோ மழையிலோ நனைதல் இதனிலும் கேடானது. மறுபடி உலர்த்தினாற் சரியாகுமெனப் பலர் எண்ணுகின்றனர். ஈரம் போகும், வெடிப்புப் போகாது. தார்வீதியிற் பரப்புவோரைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. அவர்கள் கல்லையும் சேர்த்தே மூடை கட்டுகின்றனர்.

நெல்லை அவிக்கும்போது அரிசியின் மாப்பொருள் பசையாகி, முன்னிருந்த வெடிப்புக்கள் பெரும்பாலும் பொருந்திவிடும். இந்நன்மையை ஒரே நாள் வெயிலில் இழப்போர் பலர். அவித்த நெல்லின் ஈரம் 100க்கு 16 பங்குக்குக் கீழே இறங்கும் வேளையிலேதான் புதிய வெடிப்புக்கள் தோன்றுகின்றன. எனவே, 18 பங்களவில் நெல்லை வாரி, நிழலிற் குவித்துச் சாக்கினால் மூடிச் சில மணி நேரம் வைத்தல் நன்று. உள்ளீரமும் புறவீரமும் சமமான பின்னர், மென்வெயிலில் 14 பங்குவரை உலர்த்தலாம். கருவியில்லாதோர் மணியைக் கடித்துப் பார்ப்பர்; நசிந்தால் ஈரம் உண்டு, தெறித்து உடைந்தால் உலர்ந்துவிட்டது.

சம்பாவையும் நெடுமணி நெல்லையும் கலந்து ஆலைக்கு அனுப்புதல் கூடாது. ஒன்றிற்குப் பொருந்தும் இடைவெளி மற்றையதை உடைக்கும்.

ஆலைக்குக் கொண்டுசெல்லுமுன் 100 மணியை எடுத்து, உமியைக் கையால் நீக்கி, வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். குறுக்குக்கோடு உள்ளவற்றை எண்ணிக் குறித்துக்கொள்க. உடைந்து வரும் அரிசி அத்தொகையிலும் மிகக் கூடுதலாயிருந்தால், அப்பொழுது ஆலைக்காரரிடம் கேட்கலாம்.