முதுகுப்பக்கமாக வரும் வெள்ளம்: ஒரு திரைப்படம் தரும் பாடங்கள்

மலையாளத்தில் 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு திரைப்படத்தின் பெயர் ‘2018’. நெறிப்படுத்தியவர் ஜூட் அந்தனி ஜோசப். 2018 ஆகஸ்ட் மாதம் கேரளத்தை மூழ்கடித்து, 400க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த பெருவெள்ளமே அதன் கதை. கல்முனைக் கரையோரத்தில், காணியையும் வீட்டையும் விட்டு இடம்பெயர்ந்து கொட்டில்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழும் விவசாயக் குடும்பங்களாகிய நாம் அதிலிருந்து கற்கக்கூடியவை உண்டு.

வெள்ளம் எங்கிருந்து வருகிறது?

1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல்கோளையும் அனுபவித்த பகுதி இது. அதனால் ஆபத்து என்றதும் நாம் கிழக்கே கடலைத்தான் பார்க்கிறோம். ஆனால் மாரி வெள்ளம் நம் முதுகுப்பக்கமாக, மேற்கே வயல்வெளியிலிருந்து வருகிறது. மேல்நிலங்களில் பெய்த மழைநீர் வயல்களை நிரப்பிக்கொண்டு கடலுக்கு வழி தேடுகிறது. முகத்துவாரம் மண்ணால் அடைபட்டிருந்தால் நீர் வடிய இடமில்லை. தாழ்ந்த இடங்களில் ஏறி நிற்கிறது. தாழ்ந்த இடங்களில்தான் பெரும்பாலும் நமது கொட்டில்களும் இருக்கின்றன.

கேரளத்தில் அந்த ஆண்டு இடுக்கி அணையின் வான்கதவுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. இங்கும், நம் ஊரில் வெயில் எறித்தாலும் மேலே மழை பெய்கிறதா, குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படுகின்றனவா என்று வானொலியிலும் கிராம உத்தியோகத்தரிடமும் கேட்டறிய வேண்டும்.

ஓடும் நீரைக் கடக்க வேண்டாம்

2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில், வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு, பிள்ளைகள் பலர் உயிரிழந்தனர். உழவு இயந்திரம் பாரமானது, அது போய்விடும் என்பது நம்மிடையே உள்ள நம்பிக்கை. அது தவறானது. வேகமாக ஓடும் அரை அடி நீரே ஓர் ஆளை விழுத்தப் போதும். இரண்டு அடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும். மாவடிப்பள்ளியானாலும் கிட்டங்கித் தாம்போதியானாலும், நீர் மேவிப் பாய்ந்தால் இக்கரையிலேயே நிற்போம். ஓர் இரவு தாமதிப்பதால் உயிர் போகாது.

வீரனுக்காகக் காத்திருக்க வேண்டாம்

படத்தில் அயலவருக்கு உதவ ஓடித்திரியும் அனூப் என்ற இளைஞர் இறுதியில் உயிர்விடுகிறார். பார்ப்பவர் கண் கலங்குவர். ஆனால் நேரத்தோடு வெளியேறியவர்களைக் காப்பாற்ற எவரும் உயிர்விட வேண்டியதில்லை. முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் நீர் முற்றத்துக்கு வருமுன், பகலிலேயே மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

அந்த வெள்ளத்தில் கேரளத்துக் கடற்றொழிலாளர் தம் படகுகளை லொறிகளில் ஏற்றி உள்ளூர்களுக்குக் கொண்டுவந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். நம் கரையிலும் படகுகள் உண்டு. யாரிடம் படகு, யாரிடம் கயிறு, எரிபொருளுக்கு யார் பொறுப்பு என்பதை மழைக்கு முன்பே பேசி வைப்போம். பள்ளிவாசல், கோவில், தேவாலய ஒலிபெருக்கிகளில் அறிவித்தல் சொல்லுபவர் யாரென்றும் தீர்மானிப்போம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

பத்திரங்களும் விதைநெல்லும்

இடம்பெயர்ந்தவருக்குக் காணி அனுமதிப்பத்திரமே தன் நிலத்துக்குள்ள சாட்சி. அது நனைந்து அழிந்தால், திரும்பிப் போகும் நாளில் நிலத்தைக் கேட்க நம் கையில் ஒன்றும் இராது. அதனுடன் அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை இரண்டு பொலித்தீன் பைகளில் இறுகக் கட்டி, எடுத்தோடக்கூடிய இடத்தில் வைப்போம். பிரதிகளை மேட்டில் வாழும் உறவினரிடம் கொடுப்போம். விதைநெல்லை மூடியுள்ள கலனில் இட்டுப் பரணில் ஏற்றுவோம்.

கலந்துரையாட:
1. நமது குடியிருப்புக்கு வெள்ளம் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வருகிறது?
2. இரவில் நீர் வந்தால் நடந்து போகக்கூடிய மேடான இடம் எது?
3. தனித்து வாழும் முதியோரை அழைத்துச் செல்லும் பொறுப்பு யாருடையது?