ஷெல் ஸ்கிரிப்டில் ஸ்பேஸ் தொல்லையா? 8 குறிப்புகள்

‘கல்யாண போட்டோ’ என்ற ஃபைலை அழிக்கச் சொன்னால், ‘கல்யாண’ ஒன்று, ‘போட்டோ’ ஒன்று என இரண்டு ஃபைல்களைத் தேடிப் போகும் ஷெல். அதைத் தவிர்க்க:

1. $ போட்டு எழுதும் எதையும் "$1" என்பதுபோல் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேஸ், டேப், புது வரி வரும் இடமெல்லாம் பாஷ் வெட்டிவிடும். 2001-ல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் 2.0 இன்ஸ்டாலரில் இந்த மேற்கோள் விடுபட்டதால், சிலருடைய டிஸ்க்கில் இருந்த ஃபைல்கள் அழிந்துபோயின.

2. மேற்கோளுக்குள் * விரியாது. "$1"/* என்று நட்சத்திரத்தை வெளியே விடுங்கள்.

3. ஒற்றை மேற்கோளுக்குள் $ கூட வேலை செய்யாது. அதற்குள்ளேயே ஒரு ஒற்றை மேற்கோள் வேண்டுமென்றால் '\'' என்று எழுதுங்கள்.

4. ஓட வேண்டிய கமாண்டை ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டி வேரியபிளில் வைக்காதீர்கள். வேரியபிளின் உள்ளே நீங்கள் போட்ட மேற்கோளை ஷெல் மேற்கோளாகவே கருதாது. சாதாரண எழுத்தாக கமாண்டிடம் தள்ளிவிடும். பாஷில் அர்ரே எடுத்து, ஆர்க்யுமென்ட்டுகளை +=( ) மூலம் ஒவ்வொன்றாகச் சேருங்கள். அழைக்கும்போது [@] போட்டு, முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள். ஒவ்வொன்றும் சிதையாமல் போய்ச் சேரும்.

5. உபுண்டு, டெபியனில் ‘எஸ்எச்’ என்றால் டாஷ்; அதில் அர்ரே கிடையாது. அங்கே ‘செட் --’ மூலம் அடுக்கி, "$@" என்று எடுங்கள். "$*" எழுதினால் எல்லாம் ஒரே ஆர்க்யுமென்ட்டாக ஒட்டிக்கொள்ளும்.

6. வெளியிலிருந்து வரும் பெயரை ‘எவால்’ பக்கம் விடவே கூடாது. பெயரில் ; போட்டு ஒளித்த கமாண்டும் சேர்ந்தே ஓடும். எஸ்எஸ்எச்சிலும் கவனம் தேவை: ஆர்க்யுமென்ட்டுகளை ஸ்பேஸ் வைத்து ஒட்டித்தான் அனுப்பும், மறுமுனை ஷெல் மறுபடி வெட்டும். அங்கும் பாஷ்தான் என்றால், ‘பிரிண்ட்எஃப் %க்யூ’ மூலம் பக்குவப்படுத்தி அனுப்புங்கள்.

7. ‘ஃபைண்ட்’ தரும் பட்டியலை ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ கையில் கொடுப்பதானால் அங்கே -பிரிண்ட்0, இங்கே -0 இரண்டும் வேண்டும். லினக்ஸ் ஃபைல் பெயரில் / குறியும் நல் பைட்டும்தான் வர முடியாது. புது வரிகூட வரலாம். அதனால் நல்தான் நம்பகமான பிரிப்பான்.

8. பெயர் - குறியில் தொடங்கினால் மேற்கோள் காப்பாற்றாது. கமாண்ட் அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். பெயருக்கு முன் -- அல்லது ./ சேருங்கள். அழிக்கும் கமாண்டை ஓட்டுமுன், அதன் இடத்தில் ‘பிரிண்ட்எஃப்’ போட்டு, ஒவ்வொரு ஆர்க்யுமென்ட்டையும் < > குறிகளுக்குள் அச்சிட்டுப் பாருங்கள். எங்கே வெட்டுப்பட்டது என்று உடனே தெரியும். விடுபட்ட மேற்கோள்களை ‘ஷெல்செக்’ வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும்.