பெற்றோரின் தளர்ச்சியை அறிவோம்

பெற்றோருக்கு வயதாகிவிட்டது நமக்குத் தெரியும். அவர்களுக்குத் துணை தேவைப்படுவதைத்தான் தாமதமாக அறிகிறோம். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற அச்சத்தால் அவர்கள் வாய் திறப்பதில்லை.

பெற்றோரிடம் ‘சீ’ என்றும் சொல்லக் கூடாதென அல்லாஹ் தஆலா தடுக்கும் வசனத்தில் (17:23) அவர்களது முதுமை தனியே குறிப்பிடப்படுகிறது. அதுவும், நம்மிடத்தில் அவர்கள் அடையும் முதுமை. எனவே, கவனிப்பது நம் பொறுப்பு.

அடையாளங்கள்

தளர்ச்சி பல வேளை வணக்கத்திலேயே வெளிப்படும். ஜமாஅத் தவறாத தகப்பனார் சுபுஹுக்குப் பள்ளி செல்வதை நிறுத்தினால், சோம்பல் என்று எண்ண வேண்டாம். இருட்டில் பார்வை மங்கியிருக்கலாம். ஹவுளின் ஈரப் படியில் வழுக்குமென்ற பயமாயிருக்கலாம். ரக்அத்தில் அடிக்கடி தடுமாறுவது, தொழுததையே மீண்டும் தொழுவது, மருந்தை இருமுறை உண்பது, அடுப்பை அணைக்க மறப்பது ஆகியவையும் அடையாளங்களே. உடனே மருத்துவரிடம் காட்டுக. தைராய்டுக் குறைவாலோ பி12 சத்துக் குறைவாலோ வரும் மறதி சிகிச்சையால் குறையக்கூடும்.

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாமென நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்பித்தார்கள். முதுமையால் நோன்பு நோற்க இயலாதவர் நோன்புக்கு ஓர் ஏழையின் உணவை ஃபித்யாவாகக் கொடுக்கலாம். இச்சலுகைகளைப் பெற்றோருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மஷ்வரா

இப்ராஹீம் (அலை) அவர்கள், அல்லாஹ்வின் கட்டளையிலேயே தம் மகனின் கருத்தைக் கேட்டார்கள் (37:102). நாமோ, பெற்றோர் எந்த வீட்டில் இருப்பதென்று பிள்ளைகளே முடிவு செய்து அவர்களுக்கு அறிவிக்கிறோம். இது மஷ்வரா ஆகாது. ஆண் மக்களும் பெண் மக்களும் கூடியமர்ந்து பெற்றோரிடம் கேட்க வேண்டும்: யாரோடு இருக்கப் பிரியம்? இரவில் யார் துணை? கொடுக்க வேண்டிய கடன், அமானிதம் உண்டா? மருத்துவச் செலவை யார் யார் ஏற்பதென்பதைப் பிள்ளைகள் தமக்குள் பேசிக் கொள்ளட்டும்.

ஒன்றை மறக்கலாகாது. ஏழைப் பெற்றோருக்குச் செலவு செய்வது வசதியுள்ள பிள்ளைகளின் கடமை. அதை ஜகாத்தில் கழிக்க முடியாது. மாமியாருக்கு மருமகள் செய்யும் பணிவிடை உபகாரம், கடமை மகனுடையது. அவள் தலையில் எல்லாவற்றையும் சுமத்திவிட்டு மகன் நன்மை தேட இயலாது.

இப்பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். அறிவு தடுமாறியபின் செய்யும் வஸிய்யத் செல்லாது. அதன்பின் அவர்களது விருப்பத்தை யாரிடம் கேட்போம்?

பெற்றோரின் துஆவைப் பெறும் தௌஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.