பத்து வருசத்துக்கு ஒரு பட்டினி

கனடா, அலாஸ்கா பக்கத்தில் வருசத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் காடுகளில் லிங்ஸ் என்றொரு காட்டுப்பூனை சீவிக்கிறது. இம்முறை அதைப் பற்றி நாம் கொஞ்சம் படிப்போம். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நம் மலைப்பக்கத்துச் சிறுத்தையளவு பெரிசல்ல. எடை பத்துக் கிலோ அளவுதான். காது நுனியில் கறுப்பு மயிர்க்குஞ்சம், கட்டை வால், வால் முனை மையில் தோய்த்தது போல் கறுப்பு. பாதம் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. அடியிலும் மயிர் அடர்ந்திருக்கும். மனிசர் கால் புதையும் பனியிலும் அது மேலாகவே நடந்து போகும்.

அதன் பிரதான சாப்பாடு பனிமுயல். ஒரு முயல் ஒன்றிரண்டு நாளைக்குக் காணும். முயலுக்கும் பாதம் அகலம். பனிக்காலத்தில் வெள்ளையாகவும் கோடையில் மண்ணிறமாகவும் மாறிக்கொள்ளும். ஆகவே துரத்துவதை விடப் பதுங்கியிருந்து பாய்வதுதான் லிங்ஸின் வழக்கம்.

இந்த முயல் ஏறக்குறைய 10 வருசத்துக்கு ஒருமுறை பெருகி, பின்பு மளமளவென்று குறைந்து போகும். ஒன்றிரண்டு வருசம் பிந்தி லிங்ஸும் குறையும். இது தெரிய வந்த விதம் நமக்கு வியப்பாக இருக்கிறது. ஹட்சன் பே கம்பனி தோல் வியாபாரம் செய்த கம்பனி. எத்தனை லிங்ஸ் தோல் வந்தது என்று வருசா வருசம் எழுதி வைத்தது, நம் செக்ரோல் மாதிரி வெறும் கணக்குக்காகத்தான். 1942இல் சார்ள்ஸ் எல்டன், மேரி நிக்கல்சன் என்ற இருவர் அந்தக் கணக்குகளை ஆராய்ந்து, அந்த ஏற்ற இறக்கத்தை எடுத்துக் காட்டினார்கள்.

முயல் ஏன் குறைகிறது? கனடாவின் யூக்கோன் பகுதியில் 1986 முதல் 1996 வரை பரீட்சித்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் முயலுக்குத் தீனி கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் மின்வேலி போட்டு லிங்ஸ் போன்றவற்றைத் தடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்த இடத்தில்தான் முயல் மிகவும் கூடியது. பெரும்பாலான முயல்கள் சாவது பசியால் அல்ல, வேட்டை மிருகங்களின் வாயில்தான். அந்தப் பயத்திலேயே பெண்முயல்கள் ஈனும் குட்டியும் குறைகிறதாம்.

முயல் நிறைந்த வருசத்தில் தாய் லிங்ஸ் நாலைந்து குட்டி போடும். விழுந்த மரங்களுக்கு அடியில் ஈன்று, அடுத்த பனிக்காலம் முடியும் வரை கூடவே கூட்டிக்கொண்டு திரியும். முயல் அற்ற வருசத்தில் பல தாய்கள் ஈனுவதே இல்லை. ஈன்றாலும் குட்டி தங்காது. பெரியவை அணில் பிடித்துத் தின்று பார்க்கும். சில 1000 கிலோமீற்றருக்கு மேலும் நடந்து வேறு காடு தேடிப் போகும். வழியில் சாவதும் உண்டு.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லிங்ஸ் இல்லாமலே போய்விட்டது. 1999இல் வடக்கிலிருந்து பிடித்து வந்து அங்கே விட்டார்கள். முதலில் விட்டவற்றில் சில பட்டினியால் செத்தன. அதன்பின் கூட்டில் வைத்து நன்றாகத் தின்னக் கொடுத்து, உடம்பு தேறிய பிறகு வசந்த காலத்தில் விட்டார்கள். 2006 வரை 218 லிங்ஸ் விடப்பட்டன. 2003இல் அங்கே முதல் குட்டிகள் காணப்பட்டன.