தீவில் நிலம் விற்பவர் எழுதிவைக்க வேண்டியவை

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஒரு மனையோ வீடோ விற்பனைக்கு உள்ளது என்னும் செய்தி இன்று பெரும்பாலும் கைபேசி வழியாகவே பரவுகிறது. சென்னையிலிருந்து கடலடியில் பதிக்கப்பட்ட ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்த தீவுவாசிகளுக்கு ஒரு படத்தை அனுப்புவதே பொறுமையைச் சோதிக்கும் வேலையாக இருந்தது. இப்போது தென்னந்தோப்பையும் நீலக்கடலையும் முப்பது வினாடிக் காணொளியாக்கி முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் இட்டால், அன்று மாலைக்குள் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் விசாரணை வருகிறது.

இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. செலவு குறைவு, வேகம் மிகுதி. ஆயினும் காணொளி வாங்குபவரை அழைத்துவர மட்டுமே உதவும். அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு விடை சொல்லாது. அதற்கு நிதானமாக எழுதிவைத்த விளக்கம் தேவை. விற்பவர் தம் பெயரில் ஓர் இணையத்தளமோ வலைப்பூவோ வைத்துக்கொண்டு, அதில் கட்டுரைகளாக எழுதிச் சேர்ப்பது சமூக ஊடகத்துக்குத் துணையாக நிற்கும் நல்ல முதலீடு என்பதே இக்கட்டுரையின் கருத்து. விற்பவருக்கு மட்டுமன்றி, வாங்கும் நம் வாடிக்கையாளர்களுக்கும் இதில் பயன் உண்டு.

எழுத்தால் வீடு விற்கலாம் என்பது புதிய செய்தியும் அன்று. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை அஞ்சல்வழி விவரப்பட்டியல் கொண்டே வீடுகளை விற்றது. அளவெடுத்து வெட்டிய மரமும் கட்டுமானப் பொருள்களும் இரயிலில் வந்து சேரும். வாங்கியவர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 70,000 வீடுகள் இவ்வாறு விற்கப்பட்டன. நேரில் காணாத பொருளுக்கு மக்கள் பணம் அனுப்பினர் என்றால், அறையின் அளவு, தரைத்தளப் படம், உடன்வரும் பொருள்கள், விலை என யாவும் அச்சில் இருந்தமையே அதற்கு ஒரு முக்கியக் காரணம். நிலப்பகுதியிலிருந்து கடல் கடந்து வந்து பார்க்க வேண்டிய தீவு மனைக்கும் இதே நிலைதான். விமானச் செலவு செய்து வருவதற்கு முன்பே பாதிக் கேள்விகளுக்கேனும் விடை தெரிந்திருக்க வேண்டுமென்று வாங்குபவர் எதிர்பார்ப்பது நியாயமே.

சொந்த இடத்தில் எழுதிவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சமூக ஊடகம் வாடகை வீடு போன்றது. ஆர்க்குட் 2014 செப்டம்பர் இறுதியில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் நின்றது. டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அவற்றையே நம்பி வாடிக்கையாளர்களைச் சேர்த்திருந்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. மூடப்படாத ஊடகத்திலும் நேற்றைய பதிவு இன்றைய பதிவுகளுக்கு அடியில் போய்விடுகிறது. சொந்தத் தளத்தில் உள்ள கட்டுரையோ, மூன்று ஆண்டுகள் கழித்து ஒருவர் தேடினாலும் கண்ணில் படக்கூடும்.

இனி, எதை எழுதுவது? இங்குதான் அந்தமான் மற்ற ஊர்களிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது. 1966ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின்படி இவ்வொன்றியப் பகுதியின் நிலம் முழுவதும் மத்திய அரசுக்கே உரியது. தனிமனிதர் கையில் இருப்பது அனுபவ உரிமைக் குத்தகையாளர், உரிமம் பெற்றவர் என்பன போன்ற வகைகளுள் ஒன்றின்பாற்பட்ட உரிமை. தமிழ்நாட்டுப் பட்டாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது. விற்கப்படும் நிலம் எந்த வகையைச் சேர்ந்தது, வருவாய்ப் பதிவேட்டில் அது விளைநிலமா வீட்டுமனையா, விளைநிலமாயின் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதா என்பவற்றை ஒரு கட்டுரையில் தெளிவாக எழுதுபவர், காணொளி மட்டும் இடும் பத்துப் பேரைவிட முன்னே நிற்பார்.

அதோடு முடியவில்லை. தீவுகளின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காடு. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்கீழ் ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் நிலம் பெற இயலாது. கடற்கரையை ஒட்டிய கட்டுமானத்துக்கு 2019ஆம் ஆண்டின் தீவுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வரம்பு விதிக்கிறது. ‘கடலைப் பார்த்த மனை’ என்று விளம்பரம் செய்பவர், உயர் அலைக் கோட்டிலிருந்து மனை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் உடன் எழுதுவதே முறை.

இயற்கையைப் பற்றியும் மறைக்காமல் எழுத வேண்டும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரைமட்டமே தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியில் வயல்களுக்குள் புகுந்த கடல்நீர் திரும்பிப் போகவில்லை. தீவுகள் மிக உயர்ந்த நிலநடுக்க அபாய மண்டலத்தில் உள்ளன. மழை மிகுந்த ஊரிலேயே கோடையில் குடிநீர்ப் பற்றாக்குறை வருகிறது. ஆகவே மனையின் உயரம், கட்டடத்தின் நிலநடுக்கத் தாங்குதிறன், மழைநீர்த் தொட்டியின் கொள்ளளவு ஆகியவை விற்பனைக்கு இடையூறான செய்திகள் அல்ல. வாங்குபவர் எப்படியும் ஒருநாள் அறியப்போகும் செய்திகள். சிமெண்டும் இரும்பும் கப்பலில் வருவதால் கட்டுமானச் செலவு நிலப்பகுதியைவிட ஏன் கூடுதல் என்பதற்கே தனிக் கட்டுரை எழுதலாம். இவற்றைத் தமிழிலும் எழுதுவது நன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுவாசிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குத் தமிழே தாய்மொழி. நிலப்பகுதியிலிருந்து விசாரிப்போரிலும் தமிழர் பலர்.

வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றுவோர் பலமுறை காணும் காட்சி ஒன்று உண்டு. ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் பெரும்பங்கை முன்பணமாகக் கொடுத்துவிட்ட ஒருவர், “இந்த இடம்தான் ஐயா” என்று கைபேசியை நீட்டுவார். படத்தில் அலை இருக்கும், தென்னை இருக்கும். நிலத்தின் அளவை எண் இருக்காது. சட்ட ஆலோசகரின் கருத்துரையும் மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வந்த பிறகு, அது வீடு கட்ட அனுமதி பெறாத விளைநிலம் என்று தெரியும். கடன் விண்ணப்பத்தைத் திருப்பித் தருவது எளிது. கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெறும் வழியைச் சொல்வதுதான் கடினம். எழுத்தில் உள்ள உறுதிமொழி ஒன்றுகூட அவர் கையில் இராது.

எழுதுபவருக்குப் பொறுப்பும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மனை வணிக (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம், எந்த ஊடகத்தில் எந்த வடிவில் வந்தாலும் திட்டம் ஒன்றை அறிவிக்கும் வெளியீட்டை விளம்பரம் என்றே கொள்கிறது. இணையக் கட்டுரையும் அதில் அடங்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட அடுக்ககங்கள் கொண்ட திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தக் கூடாது. அந்தமானுக்கென்று தனி ஆணையம் இல்லை. தமிழ்நாடு மனை வணிக ஒழுங்குமுறை ஆணையமே இத்தீவுகளுக்கும் பொறுப்பு. பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையத்தள முகவரியும் விளம்பரத்தில் இடம்பெற வேண்டும். பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புற்றவருக்கு, அவர் விலக விரும்பினால், முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பித் தரக் கட்டளையிடுகிறது சட்டத்தின் 12ஆம் பிரிவு. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கவும் கூடாது.

வங்கி சார்ந்த நிபந்தனை ஒன்றும் பலர் கவனத்துக்கு வருவதில்லை. திட்டத்துக்குக் கடன் பெற்ற கட்டுநர், சொத்து எந்த வங்கியில் அடமானத்தில் உள்ளது என்பதைத் தம் விளம்பரங்களிலும் கையேடுகளிலும் வெளியிட வேண்டும் என்று கடன் விதிமுறைகளில் சேர்க்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்துள்ளது. அடமானத்தை எழுதினால் வாங்குபவர் அஞ்சுவார் எனக் கட்டுநர் சிலர் எண்ணுகின்றனர். அனுபவம் வேறு. கடன் தந்த வங்கி ஆவணங்களைப் பார்த்திருக்கிறது என்பதும், தடையின்மைச் சான்று எவ்வாறு கிடைக்கும் என்பதும் எழுதப்பட்டிருந்தால் வாங்குபவர் துணிவோடு வருகிறார்.

சட்டத்தின் வரம்புக்குள் வராத சிறு மனை விற்பவருக்குப் பெரிய தளம் தேவையில்லை. நான்கைந்து கட்டுரைகள் போதும்: நிலத்தின் உரிமை வகை, சென்றடையும் வழி, நீர், கட்டுமானச் செலவு, கடன் பெறும் முறை. ஒவ்வொன்றின் அடியிலும் எழுதிய தேதியை இட வேண்டும். விதி மாறினால் திருத்திய தேதியையும் சேர்க்க வேண்டும். காணொளியின் கீழே அக்கட்டுரையின் இணைப்பைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். ஊர்ப் பெயர்களில் மட்டும் சற்றுக் கவனம் தேவை: போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று, ஹேவ்லாக் 2018 இறுதியிலேயே ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது. ஆவணத்தில் பழைய பெயரும் தேடுபவர் மனத்தில் இரண்டும் இருக்கக்கூடும். ஆகவே இரண்டு பெயர்களையும் எழுதிவைப்பது நல்லது.